பூரத்தில் ஏறி, சித்திரையில் இறங்கி

ஏப்ரல் 14, ஞாயிறு. கோவை

காலையில் கனி பார்த்தாகிவிட்டது, மாங்காய்ப் பச்சடியும் ஆயிற்று, புதுப் பஞ்சாங்கம் மடியில் இருக்கிறது. ஐந்து நாளில் கிளம்புகிறேன். அதற்கு முன்னால் போன தடவை போட்ட திட்டம் எப்படி ஊற்றிக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன்.

2022-ல் கேரளத்துத் திருச்சூர் பூரத் திருவிழாவையும் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒரே லீவில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டும் சித்திரை மாதம்தானே, பக்கத்தில் பக்கத்தில்தானே வரும் என்ற தைரியத்தில் ஆபீசில் லீவும் சொல்லியாயிற்று. கடைசியில் பார்த்தால் அழகர் ஏப்ரல் 16, பூரம் மே 10. அந்த லீவில் அழகரையும் பார்க்கவில்லை, பூரத்தையும் பார்க்கவில்லை. வீட்டில் ஒட்டடை அடித்தேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். திருச்சூர் பூரம் மலையாள மேட மாதத்து, அதாவது நம் சித்திரை மாதத்துப் பூர நட்சத்திரத்தில் வரும். அழகர் இறங்குவது சித்ரா பௌர்ணமியில், அதாவது நிலா சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி முழுசாக நிற்கும் நாளில். பூரம், உத்திரம், அஸ்தம், சித்திரை. நிலா நாளைக்குச் சுமார் ஒரு நட்சத்திரம் தாண்டும், ஆக பூரத்திலிருந்து மூணு நாலு நாளில் பௌர்ணமி வந்துவிட வேண்டும். நான் நினைத்தது தப்பில்லை. ஆனால் 2022-ல் அந்தப் பூர நட்சத்திரம் மேடம் பிறக்கும் முன்னாடியே வந்து போய்விட்டது, அதனால் திருச்சூர்க்காரர்கள் நிலா இன்னொரு சுற்று வரும்வரை காத்திருந்தார்கள். பௌர்ணமி சித்திரை பிறந்த உடனே வந்துவிட்டால் இப்படி இரண்டும் பிரிந்துவிடும், கொஞ்சம் தள்ளி வந்தால் ஒட்டிக்கொள்ளும். கோயில் திருவிழாவை நம்பி டிக்கெட் போடுகிறவர்கள் ஆபீஸ் காலண்டரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இதைப் பார்க்க வேண்டும்.

இந்த 2024-ல் ஒட்டிக்கொண்டது. 19 வெள்ளி பூரம், 21 ஞாயிறு மீனாட்சி கல்யாணம், 22 தேர், 23 அழகர். ஒரே இடைஞ்சல், 19-ம் தேதி தமிழ்நாடு முழுக்க ஓட்டுப் பதிவு. ஓட்டை விடுவதாக இல்லை. பூத் காலை 7 மணிக்குத் திறக்கும், திருச்சூர் 115 கிலோமீட்டர்தான், முதல் ஆளாக நின்றால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரலாம்.

இதே பௌர்ணமிக்குக் கூவாகமும் இருக்கிறது, தேனிப் பக்கத்துக் கூடலூர் மலைமேல் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் திறக்கிற மங்கலதேவி கண்ணகி கோட்டமும் இருக்கிறது. ஒரு ஆள் எத்தனை ஊரில் நிற்க முடியும், விட்டுவிட்டேன்.

திருச்சூரில் பிப்ரவரியிலேயே போனில் லாட்ஜ் சொல்லி வைத்தாயிற்று. மதுரையில் தல்லாகுளத்துச் சித்தி வீடு. திருக்கல்யாணத்துக்கு 200 ரூபாய், 500 ரூபாய் சீட்டு ஆன்லைனில் உண்டு, பதிந்தேன், கிடைக்கவில்லை. சித்தியிடம் சொன்னதற்கு "சீட்டு வாங்கிட்டா கல்யாணத்துக்குப் போவாக?" என்றார்.

ஏப்ரல் 19, வெள்ளி. திருச்சூர், தேக்கின்காடு மைதானம்

மைதானத்தில் ஒரு மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். லாட்ஜ் அறை இல்லை. பிப்ரவரியில் "வரூ வரூ" என்று பிரியமாகச் சொன்ன அதே குரல் இன்றைக்கு "முறி இல்லா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது, வேண்டுமானால் மூன்று மடங்கு கொடுத்தால் மொட்டை மாடியில் பாய் தருவார்களாம். பூரத்தன்று போன் பதிவை நம்பிப் போகாதீர்கள். பணம் கட்டி ரசீது வாங்குங்கள், அல்லது என்னை மாதிரி துண்டு கொண்டுபோங்கள்.

காலைக் கதை சுருக்கமாக. 6.30-க்கே பூத்தில் நின்றேன், எனக்கு முன்னால் பதினொரு பெரியவர்கள், எல்லாரும் நடைப்பயிற்சியை முடித்துவிட்டு அப்படியே வந்தவர்கள். 7.25-க்கு விரலில் மை. உக்கடத்தில் பஸ், வாளையார் தாண்டியதும் ஊரே வேறு. அங்கே பிரசாரம் முந்தாநாளே ஓய்ந்துவிட்டது, இங்கே ஓட்டு 26-ம் தேதி, ஆகவே கொடி, சுவரொட்டி, ஸ்பீக்கர் எல்லாம் முழு வேகத்தில். குதிரான் குகைப்பாதைக்குள் பஸ் நுழைந்ததும் பின்சீட்டுப் பிள்ளைகள் மொத்தமாகக் கத்தினார்கள். நானும் லேசாகக் கத்தினேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் இறங்கினேன். திருச்சூரின் நடுவில் ஒரு மேடு, மேட்டில் வடக்குநாதன் கோயில், சுற்றி மரங்களோடு தேக்கின்காடு, அதைச் சுற்றி ஸ்வராஜ் ரவுண்டு என்கிற வட்டச் சாலை. இதை இப்படி அமைத்த கொச்சி ராஜா சக்தன் தம்புரான்தான் பூரத்தையும் தொடங்கினார், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். அதற்குமுன் இந்த ஊர்த் தெய்வங்கள் ஆறாட்டுப்புழை பூரத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு வருஷம் மழையில் இவர்கள் நேரம் தவறிப் போக, அங்கே சேர்க்கவில்லையாம். திரும்பி வந்தவர்களிடம் ராஜா, அப்படியா, இனி நம்ம ஊரிலேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு கோபத்தில் ஆரம்பித்த திருவிழா. மதுரையிலும் ஒரு கோபம் இருக்கிறது, 23-ம் தேதி சொல்கிறேன்.

இரண்டு அணிகள், பாறமேக்காவு, திருவம்பாடி. இவை தவிர எட்டு சின்னக் கோயில்களின் பூரங்கள் காலையிலிருந்தே ஒவ்வொன்றாக வந்து போகும், கணிமங்கலம் சாஸ்தாதான் முதலில். நான் வந்தபோது திருவம்பாடியின் 'மடத்தில் வரவு' என்கிற ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு, ஐந்தும் சேர்ந்து பஞ்சவாத்தியம். பத்து நிமிஷம் நின்றேன், வெயில் தலையைப் பிளந்தது, ஒரு வீட்டு வாசலில் இலவசமாகக் கொடுத்த மோரை மூன்று டம்ளர் குடித்துவிட்டு இலஞ்சித்தறைக்கு ஓடினேன். திருச்சூருக்கு வந்ததே அதற்குத்தான்.

கோயில் மதிலுக்குள் ஒரு இலஞ்சி மரம், நம் மகிழமரம்தான். அதன் அடியில் பாறமேக்காவு அணியின் பாண்டி மேளம். பாண்டி மேளத்தைப் பொதுவாகக் கோயிலுக்கு வெளியேதான் வாசிப்பார்கள், மதிலுக்குள் வாசிப்பது இங்கே மட்டும் வழக்கம். கிழக்கூட்டு அனியன் மாரார் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் செண்டைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் இலத்தாளக்காரர்கள், எதிரில் குழலும் கொம்பும், மொத்தம் இருநூறு பேருக்கு மேல். மேளம் ஆரம்பத்தில் மெதுவாக, ஏறக்குறைய அலுப்பாகத்தான் போகிறது. அதே தாள வட்டம் போகப் போகக் குறுகி, காலம் ஏறி, கடைசியில் ஏழு அட்சரத்துக்கு வந்து நிற்கும்போது எங்கே மூச்சு விடுவது என்று கேட்பவனுக்கே தெரியவில்லை. எனக்கு முன்னால் ஒரு தாத்தா, எண்பது இருக்கும், காலத்தை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். வட்டம் முடிகிற ஒவ்வொரு இடத்திலும் அவர் கை காற்றில் ஏறும், அதோடு ஆயிரம் கைகள் ஏறும். முதல் ஒரு மணி நேரம் எனக்கு அந்த இடம் பிடிபடவில்லை, எல்லாரும் தூக்கிய பிறகு தூக்கினேன். பிறகு அந்தத் தாத்தாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது சுண்டுவிரலைத் தொட்டுத் திரும்பும்போது தயாரானால் போதும். கடைசி அரை மணி நேரம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்று பெருமையோடு பதிவு செய்கிறேன். அவர் என் விரல் மையைப் பார்த்துவிட்டு "கழிஞ்ஞோ?" என்றார். ஓட்டு முடிந்ததா என்று கேட்கிறார். கழிஞ்ஞு என்றேன்.

ஐந்தரைக்குத் தெற்குக் கோபுரத்துக்கு வெளியே குடமாற்றம். இந்தப் பக்கம் பதினைந்து யானை, அந்தப் பக்கம் பதினைந்து யானை, நேருக்கு நேர். ஒவ்வொரு யானைமேலும் பட்டுக்குடை. ஒரு அணி குடையை மாற்றும், அடுத்த அணி அதற்கு மேலே ஒன்று காட்டும். எந்த வரிசையில் எந்தக் குடை என்பது கடைசிவரை ரகசியம், கூட்டம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிரிக்கெட் மாதிரி கத்துகிறது. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு அணி நன்றாகத் தெரிந்தது, இன்னொரு அணி முன்னால் நின்றவரின் தோளில் உட்கார்ந்த குழந்தையின் கால்களுக்கு நடுவில் தெரிந்தது.

யானைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் மனசு ஒப்பாது. நெற்றிப்பட்டமும் வெண்சாமரமும் ஆலவட்டமுமாக அப்படி ஒரு அழகு, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் காலில் சங்கிலி, காலுக்கடியில் தண்ணீர் ஊற்றி நனைத்த சாக்கு, மேலே அந்தச் சத்தம், அந்த வெயில். ஒன்று ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த பிறகு குடையைப் பார்ப்பதில் பாதி சுவை போய்விட்டது. யானை இல்லாத பூரத்தை இந்த ஊர் யோசித்துக்கூடப் பார்க்காது என்றும் தெரியும்.

வெடிக்கட்டு என்கிற வாணவேடிக்கை விடியற்காலை மூன்று மணிக்காம். பார்த்துவிட்டு 5 மணி பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானம் பழனியில் சாப்பாடு, சாயங்காலம் மதுரை. திட்டம் துல்லியமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, சனி. எங்கோ பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவில், பஸ்ஸில்

துல்லியமான திட்டத்துக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

ராத்திரி ரவுண்டில் கூட்டத்தைத் தடுத்ததில் ஏதோ மனத்தாங்கல், வாக்குவாதம் முற்றி, ஒரு கட்டத்தில் வாத்தியம் நின்றது, பந்தல் விளக்குகள் அணைந்தன. மைதானத்தில் கிடந்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மூன்று மணி ஆயிற்று, நாலு, ஐந்து. என் பஸ் போய்விட்டது. பக்கத்தில் படுத்திருந்த பாலக்காட்டுப் பையன்கள் இரண்டு பேர் எழுந்து டீ வாங்கி வந்தார்கள், எனக்கும் ஒன்று. ஆறு மணிக்குக் கிழக்கே வெளுத்துவிட்டது.

ஏழு மணிக்கு மேல்தான் வெடித்தார்கள். பட்டப்பகலில்! வாணத்தின் நிறம் ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளைப் புகைதான் கொத்துக் கொத்தாக. ஆனால் சத்தத்துக்கு ராத்திரி என்ன பகல் என்ன. முதலில் அங்கங்கே ஒன்று, பிறகு வரிசை, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே இடி. காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்செலும்பில் கேட்டது. கையில் பிடித்திருந்த காகித டம்ளரில் டீ வட்டம் வட்டமாக நடுங்கியது. ஊர்க்காரர்களுக்கு மனசு ஆறவில்லை, இருட்டில் பார்க்க வேண்டியதைப் பகலில் பார்க்க வைத்துவிட்டார்களே என்று ஒரு அம்மா கண் கலங்கிப் பேசிக்கொண்டிருந்தார். முதல் தடவை வந்த எனக்கு அது இழப்பாகவே படவில்லை, அதை அந்த அம்மாவிடம் சொல்லவும் தோன்றவில்லை.

பஸ்தான் போய்விட்டதே என்று பகல் பூரத்தையும் பார்த்தேன். வெளியூர்க் கூட்டம் கலைந்த பிறகு உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வரும் பூரம் இது. மேளம் கொஞ்சம் அருகில் கிடைக்கும், நின்று கேட்க இடமும் கிடைக்கும். கடைசியில் இரண்டு அணிகளின் யானைகளும் எதிரெதிரே வந்து துதிக்கையைத் தூக்கி விடைபெற்றுக்கொள்கின்றன. அதோடு சரி, அடுத்த வருஷம்தான். அடுத்த தடவை வந்தால் முதல் நாள் சாயங்காலம் குடமாற்றத்தை விட்டாலும் விடுவேன், இதை விடமாட்டேன்.

மூன்று மணிக்குப் பஸ். திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி என்று மாறி மாறி ஏறுகிறேன். பொள்ளாச்சியில் பரோட்டா. இப்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது, டிரைவர் பாட்டுப் போட்டிருக்கிறார், என் காதில் இன்னும் செண்டைதான். பாண்டி மேளம் கேட்டுவிட்டுப் பாண்டி நாட்டுக்குப் போகிறேன் என்று சித்திக்கு மெசேஜ் அனுப்பினேன். "சாப்பாடு எடுத்து வைக்கவா வேணாமா, அதச் சொல்லு" என்று பதில்.

ஏப்ரல் 21, ஞாயிறு. மதுரை

ராத்திரி பன்னிரண்டுக்கு ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, சித்தி வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே படுத்திருந்த பதினான்கு பேரைத் தாண்டி, பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் விழுந்தேன். நாலு மணிக்கு எழுப்பிவிட்டார்கள்.

சீட்டு இல்லாதவர்களைத் தெற்குக் கோபுரம் வழியாக உள்ளே விடுவார்கள், வந்த வரிசைப்படி. வரிசையைப் பார்த்ததுமே சித்தி முடிவெடுத்துவிட்டார். "ஒரு மணி நேரம் நின்னு ஒரு நிமிஷம் பாக்கணுமா? இங்கனயே நில்லு." சித்திரை வீதியில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். அதற்கு எதிரில், ஒரு மூடிய நகைக்கடைப் படியில் இடம் பிடித்தோம். நான், சித்தி, சித்தியின் நாத்தனார், அவர் மகள், ஒரு கூடை நிறைய பூ.

மண்டபம் முழுக்கப் பூ. திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் அப்பா அம்மா கல்யாணம் பார்க்க வந்திருக்கிறார், பவளக்கனிவாய்ப் பெருமாள் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க வந்திருக்கிறார். எட்டரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். திரையில் மங்கல நாண் ஏறியதும் அந்தத் தெருவில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். சித்தி முந்தானைக்குள் வைத்திருந்த சுருக்குப்பையைத் திறந்தார். மஞ்சள் பூசிய புதுக் கயிறு, இரண்டு ஊக்கு, ஒரு பொட்டலம் குங்குமம். பழைய கயிற்றிலிருந்து தாலியையும் குண்டுமணியையும் ஒவ்வொன்றாகப் புதியதில் கோத்தார், அவசரமே இல்லாமல், நடுத்தெருவில், இத்தனை ஆயிரம் பேர் நடுவில். கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட எட்டவில்லை. பக்கத்தில் நின்ற பெண், யாரென்றே தெரியாது, சிவகங்கைப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது, "திரும்புங்கக்கா" என்று சொல்லி மூன்று முடிச்சும் போட்டுவிட்டார். பிறகு சித்தி அந்தப் பெண்ணுக்குப் போட்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குங்குமம் வைத்துக்கொண்டு, பேர்கூடக் கேட்காமல் அவரவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். தெரு முழுக்க இதே வேலை. என்னை மாதிரி ஆம்பளைகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கல்யாணம் என்றால் மொய் இல்லாமலா. மொய் எழுத வரிசை நிற்கிறது, சித்தி 101 ரூபாய் எழுதினார், சித்தப்பா பேரில். சித்தப்பா வீட்டில் டிவி முன்னால் இருக்கிறார். விருந்து சேதுபதி பள்ளியில், அது இன்னொரு வரிசை. கேசரியா பொங்கலா என்று சண்டை போட்டுக்கொண்டே நின்றோம், இரண்டுமே கிடைத்தது. வீடு வந்து விழுந்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன், பூப்பல்லக்கை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 22, திங்கள். தல்லாகுளம், நடுராத்திரி

இன்றைக்கு ஒரு தப்புக் கணக்கு. காலை ஆறரை வாக்கில் கீழமாசி வீதியில் தேர் கிளம்பும் என்பது தெரியும். அழகரை மூன்றுமாவடியில் எதிர்சேவை வைத்து வரவேற்பது இன்றைக்கு என்பதும் தெரியும். அதுவும் காலை ஆறு மணிக்கு என்பதை நான் கவனிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஊரே நிற்கிறது. காசு சுண்டினேன், தேர் விழுந்தது.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள், சித்திரைத் திருவிழா, ஆனால் தேர் ஓடுவது மாசி வீதியில். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசி மாதம்தான் நடந்தது. அழகர் சித்திரையில் தேனூருக்குப் போய்க்கொண்டிருந்தார். 1623-லிருந்து 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டையும் இழுத்து ஒன்றாக முடிச்சுப் போட்டார் என்கிறார்கள். மாதம் மாறியும் வீதியின் பேர் மாறவில்லை. நான் ரெண்டு விழாவைச் சேர்க்கத் தவித்த தவிப்பை அவர் அரண்மனையிலிருந்தே முடித்துவிட்டார். அவருக்கு லீவு பிரச்சினை இருந்திருக்காது.

தேர் என்றால் வடம் இழுப்பவர்களைத்தான் படம் எடுக்கிறார்கள். என் கண் போனது சக்கரத்துப் பக்கம் குனிந்தபடியே நடந்த ஆட்களின்மேல். கையில் முட்டுக்கட்டை. தேர் ஓரமாகச் சாயப் பார்க்கும்போது சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகி, அது ஏறி நசுக்கி நிற்கும் முன் கையை எடுத்துவிட வேண்டும். ஒருவர் அதைச் செய்துவிட்டு நிமிர்ந்து வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார். முட்டுக்கட்டை போடாதே என்று இனிமேல் ஒருத்தரைத் திட்ட எனக்கு வாய் வராது. தெற்குமாசி திரும்புகிற வரைக்கும் கூட நடந்தேன், நானும் வடத்தைத் தொட்டேன், இழுத்தேன் என்று சொன்னால் பொய்.

ராத்திரி அழகர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார் என்று சொல்லலாம். அழகர்கோயிலிலிருந்து 21 கிலோமீட்டர், கருப்பசாமியிடம் விடை வாங்கிக்கொண்டு, கள்ளர் கோலத்தில் கண்டாங்கிப் பட்டும் கையில் வளைத்தடியும் நேரிக்கம்புமாக வருகிறார். அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர் என்று வழியெல்லாம் நானூற்றுக்கு மேற்பட்ட மண்டகப்படிகள், ஒவ்வொன்றிலும் நின்று நின்றுதான் வருவார். சித்தி செம்பு நிறைய நாட்டுச் சர்க்கரையை அழுத்தி, வாய்க்கு வாழையிலை கட்டி, மேலே சூடம் வைத்திருந்தார். கூட்டத்தில் ஆயிரக்கணக்கான செம்புகள், எல்லாவற்றிலும் ஒரு சின்னச் சுடர். சித்தியின் கைக்கு எட்டவில்லை என்று என்னிடம் கொடுத்தார். உயரத் தூக்கிப் பிடித்தேன், உருகிய சூடம் விரலில் சொட்டியது, மையிட்ட அதே விரல். "கீழ விட்டுறாத" என்றார் சித்தி. விடவில்லை.

தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலை வந்து காத்திருக்கிறது. அதைச் சூடிக்கொண்டுதான் ஆற்றுக்குப் போவார். பட்டு என்ன நிறம் என்பது எல்லாருக்கும் பெரிய கவலை. பெட்டிக்குள் கையை விட்டு எது வருகிறதோ அது, பச்சை என்றால் விளைச்சல், சிவப்பு என்றால் கலகம் என்று சொல்கிறார்கள். தேர்தல் நடுவில் இருப்பதால் தெருவில் ஜோசியம் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். தூங்க நேரமில்லை, இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்.

ஏப்ரல் 23, செவ்வாய். மதுரை

இறங்கிவிட்டார்.

இரண்டு மணிக்குக் கிளம்பி ஆழ்வார்புரம் பக்கம் கரைக்குப் போனோம், சித்தியின் மருமகனும் நானும். அப்போதே நிற்க இடமில்லை. வைகை அணையிலிருந்து இதற்கென்று தண்ணீர் விட்டிருக்கிறார்கள், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல். ஆட்டுத் தோல் பையில் தண்ணீரை நிரப்பித் துருத்தி வைத்துப் பீய்ச்சுகிறவர்கள் சுற்றிலும். விசைப் பம்ப் வைத்துப் பீய்ச்சக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், தோல்பை சாரல் சுகமாகத்தான் இருந்தது. கருப்பசாமி வேஷக்காரர் ஒருவர் என் முதுகில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு நெற்றியில் நாமம் போட்டார், காசு கேட்கவில்லை.

ஆறு மணி இருக்கும். தூரத்தில் ஒரு இரைச்சல் கிளம்பி, கரை ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து எங்களிடம் வந்தபோது அது "கோவிந்தா" ஆகியிருந்தது. அதற்கும் முன்னால் ஒரு சொல் வந்து சேர்ந்துவிட்டது. "பச்சை, பச்சை." யாரோ பார்த்து யாரோ சொல்லி வாயிலிருந்து வாய்க்கு அத்தனை கூட்டத்தைத் தாண்டி வந்த சொல். பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான் செய்தார்.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு குடை. அதன் கீழே தங்கக் குதிரையின் இரண்டு காதுகள், அப்புறம் கழுத்து. பச்சைப் பட்டின் ஒரு ஓரம், கை அகலம். தலைகள் மறைத்தன, திரும்பத் தெரிந்தன, மறைத்தன. எதிர்கொள்ள வெள்ளிக் குதிரையில் வந்த வீரராகவப் பெருமாளை நான் பார்க்கவே இல்லை. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் தேறினால் அதிகம். இதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள், கேளுங்கள், எனக்கும் பதில் சொல்ல வரவில்லை. என் முழங்கால் மட்டும் ஏனோ நடுங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீரின் குளிர்ச்சியாகவும் இருக்கலாம்.

அந்தக் கோபம் இதுதான். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் கிளம்பி வருகிறார், வழியெல்லாம் நின்று நின்று வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் ஆற்றோடு வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்க வருகிறார் என்பது கோயில் கதை, ஊருக்குள் செல்லுபடியாவது கோபித்துக்கொண்ட அண்ணன்தான். ஒவ்வொரு வருஷமும் லேட், ஒவ்வொரு வருஷமும் கோபம். நானூறு மண்டகப்படியில் நின்றால் லேட்டாகாமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்தால் சித்தப்பா டிவியில் முழுசாகப் பார்த்திருக்கிறார். வெள்ளிக் குதிரை எப்படி வந்தது, மாலை எப்படி மாற்றினார்கள், பட்டின் கரை என்ன நிறம் என்று ஒன்று விடாமல் எனக்கு விளக்கினார். நான் ஈர வேட்டியோடு நின்று கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 24, புதன். திரும்பும் பஸ்

இன்றைக்குத் தேனூர் மண்டபத்தில் மண்டூகருக்கு மோட்சம், ராத்திரி ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். "அதப் பாக்காம போறவன் எதுக்கு வந்தான்" என்று சித்தி காலையிலிருந்து கேட்கிறார். நாளை ஆபீஸ். நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவன் அழகர் மலைக்குத் திரும்ப இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று பார்க்காமல் லீவு போட்டுவிட்டேன்.

வெடிக்கட்டின் காகிதத் துகள் ஒன்று பையின் அடியில் கிடந்தது, தாத்தாவின் கட்டைவிரல் ஞாபகத்தில் இருக்கிறது. இடது கை ஆட்காட்டி விரலில் மை அப்படியே, அதன்மேல் சூடம் சுட்ட கொப்புளம். ஆரப்பாளையம் வரை வந்து ஏற்றிவிட்ட சித்தி, எதிர்சேவை வைத்த சர்க்கரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், வீட்டில் எல்லாருக்கும் ஒரு சிட்டிகை கொடுக்கச் சொல்லி. பைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். பழனி தாண்டி முழிப்பு வந்தது, மேலே சாமான் வைக்கிற கம்பியிலிருந்து ஒரு எறும்பு வரிசை இறங்கி, ஜன்னல் கம்பியைச் சுற்றி, நேராக என் பைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு "அழகர் சர்க்கரையா?" என்றார். ஆமாம் என்றேன். கையை நீட்டினார்.